சாரல் பட்ட கால்

லோகநாயகி வார்டுக்கும் தன் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். புளியறைப் பக்கம் லாரி கவிழ்ந்து, எலும்பு தெரியக் கிழிந்திருந்த யூசுப்பின் காலை, அவன் கெண்டைக்கால் தோலையே திருப்பிவைத்து நேற்று மூடியிருந்தாள். உள்ளே ஓடும் ஒற்றை மெல்லிய ரத்தக்குழாயை நம்பித்தான் அந்தத் தோல் பிழைக்க வேண்டும்.

மறுபடி போய்த் தொட்டாள். தோல் வெளுத்து, ஜில்லென்றிருந்தது. அப்போதுதான் கவனித்தாள், ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது.

“யார் திறந்தது?”

“நாந்தான் டாக்டர்,” என்றாள் அவன் மனைவி சாஜிதா. “குத்தாலத்துச் சாரக்காத்து பட்டா புண்ணு சீக்கிரம் ஆறும்லா?”

“குளிர்ந்தா குழாய் சுருங்கிரும்மா. தோலுக்கு ரத்தம் போகாது.”

“ஏட்டி, என் கால ஐஸ்பெட்டில வச்சிட்டியே!” என்றான் யூசுப். யாரும் சிரிக்கவில்லை.

ஜன்னலைச் சாத்தி, கம்பளி போர்த்தி, காலுக்குச் சூடேற விளக்கை அருகே வைத்தார்கள். லோகநாயகி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரத்தம் திரும்பாவிட்டால் தையலைப் பிரிக்க வேண்டும். அதுவும் தவறினால் காலே... அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஊசிமுனையால் தோலை லேசாகக் குத்தினாள். ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்ல, நல்ல சிவப்பாக ஒரு துளி முளைத்தது.

துடைக்க வந்த நர்ஸின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டியிருந்தது.