சங்கிலிக்குண்டின் நிழல்

நாடுகளுக்கு இடையிலான தடகள அணிப் போட்டியின் கடைசி நாள் பிற்பகலில் நம் நாட்டு வீரர் வீசிய சங்கிலிக்குண்டு இன்னும் கீழே விழவில்லை. வீசிப் பதினாலு வருஷம் ஆகிறது. பெயர்தான் சங்கிலி, உண்மையில் அது ஒரு இரும்புக் குண்டு, அதிலிருந்து நீளும் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அது மேலே போனதை அரங்கத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். வரும், வரும் என்று கழுத்து வலிக்கக் காத்திருந்தார்கள். இருட்டிய பிறகு கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் கிளம்பினார்கள், மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். விளக்கை அணைக்கவா என்று காவலாளி வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

இந்தப் போட்டியில் தனி மனிதருக்கு மரியாதை குறைவு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு நாடு ஒரே ஒருவரைத்தான் இறக்கலாம். அவர் பிடிக்கிற இடத்துக்கு ஏற்ப நாட்டின் பெயரில் புள்ளி ஏறும். கடைசியில் கூட்டிப் பார்த்து மேலே இருக்கும் நாட்டுக்குக் கோப்பை, அடியில் இருக்கும் நாட்டுக்கு அடுத்த முறை கீழ்ப்பிரிவு. அன்று ஓட்டம், தாண்டல் எல்லாம் முடிந்து இந்த ஒரு வீச்சுதான் பாக்கி. செல்லுபடியானால் கோப்பை நமக்கு. செல்லாவிட்டால் கீழ்ப்பிரிவு. செல்லுபடியாக இரண்டு நிபந்தனை. வீரர் நிற்கும் வட்டத்திலிருந்து விசிறி மாதிரி விரிந்து போகும் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே குண்டு விழ வேண்டும். குண்டு தரையைத் தொடும்வரை வீரர் வட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது. ஊரை நடுங்க வைத்தது முதல் நிபந்தனை. இரண்டாவது, ஒரே ஒரு பெண்ணின் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டது.

அவள் அரங்கத்துக்குப் பின் தெருவில் ஜன்னல் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற கடை வைத்திருந்தாள். மேசையில் விரித்த பழைய கம்பளி, மரஸ்கேல், மண்ணெண்ணெயில் நனைத்த வெட்டுச் சக்கரம், கட்டைவிரலில் ஆறாத இரண்டு கீறல். கோடு போட்டு, அடியில் மெல்லத் தட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஒடிப்பாள். கண்ணாடி கோட்டோடு பிரியும். கடைக்கு மேலே வீடு. வீட்டில் அவளும் புருஷனின் தங்கையும். புருஷன் வட்டத்தில் இருந்தான்.

ஏழடி அகல சிமெண்ட் வட்டம் அது. மேலே கூரை போடக் கூடாது என்றது நம் நாட்டுத் தடகளச் சம்மேளனம்; குண்டு கூரையில் விழுந்தால் தரையைத் தொட்டதாகுமா என்று வக்கீல்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதனால் அவன் மழையில் நனைந்தான், வெயிலில் காய்ந்தான். மற்றத் தேவைகளுக்கு ஒரு திரை கட்டிக் கொடுத்தார்கள், அதற்கு மேல் விசாரிப்பது நாகரிகமில்லை. வெளியிலிருந்து யாரும் அவனைத் தொடக் கூடாது. தொட்டால் அது வெளியுதவி. இதைத் தீர்மானித்தவர் கொடிக்காரர். வெளிநாட்டவர், நடுவர், செல்லும் என்றால் வெள்ளைக்கொடியும் செல்லாது என்றால் சிவப்புக்கொடியும் உயர்த்த வந்தவர், உயர்த்த எதுவும் கிடைக்காமல் நம் ஊரிலேயே தங்கிவிட்டவர். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தே நம் பாஷையைக் கற்றுக்கொண்டார். சாப்பாடு வெளியுதவி ஆகாது, கை பட்டால்தான் உதவி என்று அவர் சொல்லிவிட்டதால், அவள் தினமும் சாப்பாட்டு டப்பாவை ஒரு நீளக் கம்பால் வட்டத்துக்குள் தள்ளிவிடுவாள். அப்படியே ஒன்பது வருஷம் அவன் விரலைக்கூடத் தொடாமல் குடும்பம் நடத்தினாள். விசாரித்தவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் சொன்ன சொல்லைத் தாண்டமாட்டார், கோட்டையும் தாண்டமாட்டார்" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை.

இரண்டாம் வருஷம் குண்டின் நிழல் வந்தது. காசு அளவுக்கு ஒரு வட்டம், வாலாக ஒரு மெல்லிய கோடு. மேகமூட்டமான நாளிலும் தெரியும். பள்ளி மைதானத்தில் கொஞ்ச நேரம், தபால் நிலையப் படியில் கொஞ்ச நேரம், எவனோ ஒருவன் முகம் மழித்துக்கொண்டிருந்த சலூன் நாற்காலியில் கொஞ்ச நேரம் என்று அலைந்தது. அது கடக்கும் வழியில் பேச்சு நிற்கும். குழந்தைகளைத் தாய்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். அந்தப் பக்கம் வீட்டு வாடகை பாதியாகக் குறைந்தது, இரும்புத் தொப்பி விற்றவன் மாடி கட்டினான். நிழல் இருக்கும் இடத்தில்தான் குண்டு விழும், அது கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் வீச்சு செல்லாது என்பதால், கோடுகளைத் தள்ளிப் போட்டது சம்மேளனம். கொடிக்காரர் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம் பார்த்துச் சுண்ணாம்பு வண்டி கிளம்பும். கோடு கடைத்தெரு வழியாகப் போனது, ஆஸ்பத்திரி வார்டில் கட்டில்களுக்கு நடுவே போனது, கண்ணாடிக்காரி வீட்டில் சமையலறையை உள்ளேயும் படுக்கையறையை வெளியேயும் விட்டுவிட்டுப் போனது. எழுந்து பார்க்கும் கொடிக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். தீர்ப்புச் சொன்னால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் அவருக்குக் கதவு திறக்க ஆள் இல்லை என்று பேச்சு.

அந்த வருஷம் சம்மேளனத் தலைவர் மக்களுக்குத் தைரியம் சொல்ல நேரில் வந்தார். கோடுகளுக்குள் வாழ்வது பெருமை, பயப்பட எதுவுமே இல்லை என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினார். காற்றுப்புகாத ஹெல்மெட் என்பதால் பாதிப் பேச்சு கேட்கவில்லை. கேட்காத பாதிக்குத்தான் கைதட்டல் அதிகம். பேசி முடித்ததும் காரின் கூரைக்கு அடியில் போய், அங்கே ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடித்தார்.

ஆறாம் வருஷம் நிழல் அலைவதை நிறுத்தியது. ஒரு காலையில் கண்ணாடிக்காரி மேசையில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடியின் மேல் வந்து நின்றது. அவள் தள்ளி நின்றாள், தள்ளி வந்தது. சமையலறைக்குப் போனாள், வந்தது. மாடிப்படியில் அவள் ஏற, ஒவ்வொரு படியாக மடங்கி மடங்கி அதுவும் ஏறியது. நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே போட்டாள்.

"அண்ணி, உங்க தலை மேல."

"தெரியும்."

"ஒரு தட்டு அளவுக்கு இருக்கு அண்ணி. போன வருஷம் காசு அளவுதானே இருந்துச்சு?"

"கிட்ட வருதுன்னு அர்த்தம். இனிமே நீ கொஞ்சம் தள்ளிப் படு."

அன்று ராத்திரி நாத்தனார் தள்ளிப் படுக்கவில்லை. கிண்டல் பண்ணுவதில்தான் அவள் கெட்டிக்காரி, இடம் விட்டு ஓடுவதில் இல்லை. "விழுந்தா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே செலவு, சம்மேளனம் பாத்துக்கும்" என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கண்ணாடிக்காரி டப்பாவைத் தள்ளிவிட்டு, கம்பைத் தரையில் ஊன்றி நின்று புருஷனைக் கேட்டாள். நிழல் அவள் காலடியில் கிடந்தது.

"அன்னிக்கு எங்க பாத்து வீசினீங்க?"

அவன் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை. எறிபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது: சுற்றி முடித்துக் கையை விடும் நொடியில் கண் எங்கே இருக்கிறதோ குண்டு அங்கேதான் போகும். அன்று கடைசிச் சுற்றில், கடையைப் பூட்டிவிட்டு லேட்டாக வந்த அவள் இடம் தேடிப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மஞ்சள் சேலை.

"உன்னைத்தான் பாத்தேன்" என்றான். பிறகு, "வெளிய வந்துடறேன். சிவப்புக்கொடி காட்டட்டும். கோப்பை போனா போகட்டும்" என்றான்.

"கொடி காட்டினா குண்டு விழாதா?"

நாற்காலியில் இருந்த கொடிக்காரர், யாரும் தம்மைக் கேட்காமலே, செல்லாத வீச்சும் விழத்தான் செய்யும் அம்மா என்றார், நம் பாஷையில், ஒரு பிழை இல்லாமல்.

அவள் ஊரை விட்டுப் போய்ப் பார்த்தாள். பேருந்தில் நாலு மணி நேரம் தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். நிழல் பேருந்துக் கூரையில் உட்கார்ந்து வந்தது, மற்றப் பயணிகள் பாதி வழியிலேயே இறங்கி நடந்தார்கள், ஓட்டுநருக்கு மட்டும் இறங்க வழியில்லை. பின்னாலேயே சுண்ணாம்பு வண்டி. வயலைக் கடந்து, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, அவளுக்கு இரண்டு பக்கமும் ஈரக்கோடு நீண்டுகொண்டே வந்தது. அக்கா கதவைத் திறந்தாள், வானத்தைப் பார்த்தாள், கதவைப் பாதியாக்கினாள். "தப்பா நினைக்காதேடி, பிள்ளைங்க இருக்கு" என்றாள். இவள் தப்பாக நினைக்கவில்லை. தன்னிடம் அக்கா இப்படி வந்து நின்றிருந்தால் தானும் கதவை முழுசாகத் திறந்திருப்போமா என்றுதான் திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள்.

ஒன்பதாம் வருஷம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காற்றில் கம்பி இழுபடும் சத்தம், மெல்லிய ஒரே ரீங்காரம், நேரே மேலிருந்து. கடையில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகள் அதற்குப் பதில் சொல்வது போல நடுங்கின. வெட்டக் கோடு போட்டால் தட்டுவதற்கு முன்பே தானாகப் பிளந்தன. வாடிக்கையாளர்கள் ஜன்னலுக்கு அட்டை ஒட்டிக்கொண்டார்கள். நிழல் இப்போது துணி துவைக்கிற தொட்டி அளவு, அதன் நடுவே அவள். எல்லாவற்றையும் மறந்து ஒரு நிமிஷம் சும்மா இருந்தால், தோள் இரண்டும் தானாகக் காதுவரை ஏறிக்கொள்ளும். தூக்கத்திலும் இறங்காது. கழுத்து குட்டையாகிவிட்டது என்று தையல்காரர் ரவிக்கைக்குப் புது அளவு எடுத்தார்.

சம்மேளனத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. விழப்போகும் இடம் அவளேதான் என்று உறுதியாகிவிட்டது. அவள் கோடுகளுக்குள் இருந்தால் போதும், கோப்பை நமக்கு. தலைவர் அவளுக்கு ஒரு மெத்தை நாற்காலி அனுப்பினார், மைதானத்தின் நடுவில் நல்ல இடமாகப் பார்த்துப் போட்டு. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் அளப்பவர்களுக்கும் வசதி என்று கூடவே ஒரு வாழ்த்து அட்டை.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். கம்பைத் தரையில் போட்டுவிட்டு, டப்பாவோடு நேரே நடந்து போய், இரும்பு விளிம்பைத் தாண்டி வட்டத்துக்குள் கால் வைத்தாள். அவன் பின்வாங்கப் போய், விளிம்பு ஞாபகம் வந்து நின்றான். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நிழல் புல்லின் மேல் வழுக்கி வந்து இருவரையும் மூடியது. மற்றக் கையால் டப்பாவை அவன் கையிலேயே கொடுத்தாள்.

தலைவர் ஹெல்மெட் இல்லாமலே ஓடி வந்தார். வட்டம் கோடுகளுக்குள் சேராது, குண்டு அங்கே விழுந்தால் வீச்சின் தூரம் பூஜ்யம். "அம்மா, நாட்டை நினைச்சுப் பாருங்க. வெளிய வாங்க" என்று கெஞ்சினார். வெளியே வந்தால் தனக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். அதையும் நாடு மறக்காது என்றார்.

"நீங்க வேணா உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றாள்.

தலைவர் ஒரு தரம் மேலே பார்த்தார், வரவில்லை. இது வெளியுதவி, சிவப்புக்கொடியைத் தூக்குங்கள் என்று சம்மேளனச் செயலாளர் கொடிக்காரரைப் பிடித்து உலுக்கினார். கொடிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருவரையும் வெகுநேரம் பார்த்தார். வீரர் வெளியே போகக் கூடாது என்றுதான் விதி, இன்னொருவர் உள்ளே வரக் கூடாது என்று இல்லை என்றார். உதவி வெளியிலிருந்து வந்தால்தான் தவறு, இந்த அம்மா இப்போது உள்ளே இருக்கிறார் என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார், தூங்குவதற்காக அல்ல, பார்க்கப் பயந்து.

அன்று மாலை குண்டு கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் கடுகளவு, பிறகு எலுமிச்சை அளவு. அது விழவில்லை, இறங்கியது. இருவரும் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண் இமைத்தால் வேகம் பிடித்துவிடுமோ என்று மாற்றி மாற்றி இமைத்தார்கள். விளக்குக் கம்ப உயரத்துக்கு வர ஒரு மாதம், ஆள் உயரத்துக்கு வர ஒரு வருஷம் ஆயிற்று. பக்கத்தில் வர வர அதன் வேகம் குறைந்தது. அது ஏன் என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு பயணப்படியை வாங்கிக்கொண்டது.

இப்போது அது சிமெண்டுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது, கைப்பிடி மேலே, குண்டு கீழே. வருஷத்துக்கு ஒரு நகக்கண் இறங்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்று சிலர். அதற்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும் படுக்கிறார்கள். புரண்டு படுக்கும்போது யாரும் அதை இடிப்பதில்லை, தூக்கத்திலும் உடம்புக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. ரீங்காரம் நிற்கவில்லை. தோளும் இறங்கவில்லை. கடையை நாத்தனார் நடத்துகிறாள், கண்ணாடிகள் மறுபடி கோட்டோடுதான் பிரிகின்றன. புது வீரர்கள் வேறு வட்டத்தில் பயிற்சி செய்கிறார்கள். கோப்பை சுங்க அலுவலகத்தில் ஒரு பெட்டிக்குள் இருப்பதாகக் கேள்வி. தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஹெல்மெட்டோடு.

மத்தியானம் நாத்தனார் சாப்பாடு கொண்டு வந்து கம்பால் உள்ளே தள்ளுவாள். அண்ணி துவைத்த துண்டைக் கைப்பிடியில் மாட்டிக் கம்பியோடு விரித்து விட்டிருப்பாள். சும்மா நிற்கிறதே என்று ஒருநாள் மாட்டிப் பார்த்தது, பழகிவிட்டது.

"காஞ்சிருச்சா அண்ணி?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கம்பி அசையாமல், துண்டை மெல்ல உருவி எடுப்பாள். கொடிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கொடிகளையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குண்டுக்கும் சிமெண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குனிந்து பார்ப்பார். பிறகு இல்லை என்று தலையாட்டுவார். போட்டி நடந்துகொண்டிருக்கிறது.