புகையிலையில் செய்த முகம்

சின்னவளுக்கு வயிறு எரிந்தது. அப்படி இப்படி எரிச்சல் இல்லை, மூன்று வருஷமாக அணையாமல் எரிந்த எரிச்சல். காரணம், அக்கா புருஷனின் சுருட்டுக் கடையில் உள்ளறைச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படம்.

பெயிண்டில் வரைந்த படமில்லை அது. முழுக்க முழுக்கப் புகையிலை. சுருட்டுக்கு மேலே போர்த்துகிற மெல்லிய இலையை நீராவியில் காட்டி, பிளேடால் கீறி, நிறம் பார்த்துப் பார்த்து ஒட்டியது. ஒரு பெண் தலையைச் சாய்த்துச் சுருட்டுப் பற்றவைக்கிறாள். கிளம்புகிற புகை மேலே போய் அவள் கூந்தலாகிவிடுகிறது. கன்னத்துக்கு வெளிறிய இலை, கழுத்து நிழலுக்குச் செம்பழுப்பு, கூந்தலுக்கு நன்றாகக் கறுத்த இலை. உதட்டோரச் சுருக்கத்துக்கு இலையின் நரம்பையே வைத்திருந்தாள் சின்னவள். முகம் அவள் அக்காவுடையது. பார்த்தவர்கள் யாரும் சும்மா போனதில்லை. கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

கடையின் பெட்டிகளில் ஒட்டுகிற படங்கள், சுருட்டின் இடுப்பில் மோதிரம் போலச் சுற்றுகிற தாள், எல்லாமே சின்னவள் கை வேலைதான். அதற்கெல்லாம் அவள் பேர் கேட்டதில்லை. பிரித்ததும் குப்பைக்குப் போகிற தாளுக்குப் பேர் எதற்கு? ஆனால் இந்தப் படம் அப்படியா? வேலை முடிந்த மாலைகளில், கழுத்து ஒடியக் குனிந்து உட்கார்ந்து, ஒரு வருஷம் செய்தது. இது ஒன்றாவது தன்னுடையது என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

ஒரு நாள் பத்திரிகைக்காரர் ஒருவர் சுருட்டு வாங்க வந்தார். படத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, "யாரு சார் பண்ணது?" என்றார்.

"ஏதோ நம்ம கை வேலைதான்" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கூசாமல்.

சின்னவள் அதே அறையில்தான் தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுமே என்ற கூச்சமாவது வேண்டாமா மனுஷனுக்கு? அடுத்த வாரம் பேப்பரில் படமும் வந்தது, பக்கத்தில் இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதும் வந்தது. அதோடு விட்டாரா? தங்க மைப் பேனா ஒன்று வாங்கி வந்து, படத்தின் கீழ் மூலையில், இலை கிழியக் கிழியக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"மாமா, என் பேரையும் போடுங்க. உங்க பேருக்குக் கீழயாவது போடுங்க, போதும்" என்று கெஞ்சினாள் சின்னவள்.

"உன் பேரப் போட்டா எவன் மதிப்பான்? வீட்டுக்குள்ள உன்னுது என்னுதுன்னு என்ன பேச்சு இது?" என்றார் அவர்.

அக்காவிடம் போனாள். பெரியவள் துணி மடித்துக்கொண்டே, "விடுடி. அவருக்கு இப்பத்தான் நாலு பேர் மத்தியில ஒரு மரியாதை வந்திருக்கு. கெடுத்துடாத" என்றாள். அங்கே தொங்குவது தன் முகம் என்ற நினைப்புகூட இல்லாமல் சொன்னாள். அன்றைக்குச் சின்னவளுக்கு மனசு விட்டுப்போனது.

இப்படியிருக்கும்போதுதான் ஓட்டல் அம்மாள் வந்தார். ஊரில் பெரிதாக ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுருட்டு இல்லாமல் இருக்க மாட்டார். படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"இது எனக்கு வேணும். என் ஓட்டல் ஹால்ல நாலு சுவருக்கும் இதே மாதிரி நீங்களே பண்ணித் தரணும். மூணு மாசத்துல கட்டடம் முடிஞ்சிரும், நானே வந்து எடுத்துக்கறேன். அதுக்குள்ள படத்த சுத்தி ஒரு கரை மட்டும் போட்டு வைங்க" என்றார் கடைக்காரரிடம்.

அவர் போனதும் கடைக்காரர் குழைந்துகொண்டு வந்தார். "பாப்பா, மொதல்ல இந்தக் கரைய முடிச்சிரு. அப்புறம் அந்த நாலு சுவர். நீ பாட்டுக்குப் பண்ணிக்கிட்டு இரு. வர்றவங்க போறவங்கள நான் பாத்துக்கறேன்."

நாலு சுவர்! நாலிலும் தங்க மை!

"சரிங்க மாமா" என்றாள் சின்னவள். அவள் அத்தனை பவ்வியமாகச் சொன்னதற்கே அந்த ஆள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

புகையிலைக்கென்று ஒரு வண்டு உண்டு. எள்ளு அளவுதான் இருக்கும். முட்டை கண்ணுக்கே தெரியாது. ஆனால் கதகதப்பான இடம் கிடைத்துவிட்டால் குடும்பம் குடும்பமாகப் பெருகி, இலையையும் சுருட்டையும் துளைத்துத் தூளாக்கிவிடும். அதனால் சுருட்டு செய்கிறவர்கள் சரக்கைக் கடும் குளிரில் போட்டு எடுத்த பிறகுதான் கடைக்கு அனுப்புவார்கள். சின்னவள் வாங்குவதோ மூட்டையில் வருகிற உதிரி இலை. அதை அவளே பையில் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் சில நாள் கிடத்தி எடுத்துத்தான் ஒட்டுவாள். "மீன் வைக்க இடமில்ல, இவ இலைய அடைச்சு வெச்சிருக்கா" என்று பெரியவள் முணுமுணுப்பாள். கடைக்காரருக்கு வண்டு என்ற பேரைக் கேட்டாலே கிலி. ஆனால் படத்தில் ஒட்டுகிற இலைக்கும் அது பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. செய்தவருக்கல்லவா தோன்றும்!

கரைக்கு இலை வந்தது. வழக்கம்போலப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திறந்து, பையை வெளியே எடுத்துவிட்டாள்.

முகத்தையும் தின்றுவிடுமே என்று ஒரு தரம் நினைத்தாள். கை நின்றது. கீழ் மூலையில் தங்க மை பளபளத்தது.

தின்னட்டும் என்று பிரஷ்ஷைப் பசையில் தோய்த்தாள்.

மிச்சத்தைக் கடைக்காரரே பார்த்துக்கொண்டார். ஓட்டல் அம்மாள் வருகிறவரை வேறு யார் கண்ணும் படக்கூடாதாம். படத்துக்குச் சிவப்பு வெல்வெட் திரை போட்டு மூடினார். திரைக்கு நேர் கீழே, அந்த அம்மாளுக்கென்று ஒதுக்கிய விலை உயர்ந்த பெட்டிகளை அடுக்கினார். அந்த உள்ளறையோ சுருட்டு காயாமலிருக்க எப்போதும் ஈரக் கதகதப்பாக வைத்திருக்கிற அறை. வண்டுக்கு இதைவிட மாமியார் வீடு வேண்டுமா?

உள்ளறையைப் பெருக்குவது சின்னவள்தான். திரைக்குக் கீழே பொடிப் பொடியாகப் பழுப்புத் தூள் விழ ஆரம்பித்ததும், தினம் காலையில் அவர் வருமுன் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுவாள். திரையை விலக்கிப் பார்ப்பாள். முதலில் காது போனது. பிறகு கன்னத்தில் அம்மைத் தழும்பு மாதிரிப் பொத்தல். உதட்டோர நரம்பு ஒரு நாள் அறுந்து தொங்கியது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் திரையைச் சாத்திவிட்டு, வாயைத் திறக்காமல் வேலையைப் பார்த்தாள்.

ஓட்டல் அம்மாள் சொன்னபடி வந்தார். கடைக்காரர் புதுச்சட்டையில் வளைய வந்தார். பெரியவளும் அலங்கரித்துக்கொண்டு வந்து நின்றாள். "பாருங்கம்மா" என்று அவர் திரையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

உமி கொட்டியது போலத் தூள் அவர் தலையில் கொட்டியது. ஏழெட்டு வண்டுகள் பறந்தன. முகத்தில் ஒரு கண்தான் பாக்கி.

ஓட்டல் அம்மாள் குனிந்து, கீழே இருந்த பெட்டியைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்தார். புல்லாங்குழல் மாதிரி அதில் ஓட்டை. அடுத்த பெட்டியிலும் அதே கதை.

"இலைய குளிர்ல போடாம ஒட்டியிருக்கீங்க. பச்சப் புள்ளைக்குத் தெரியும் இது. சுருட்டுக் கடை வெச்சிருக்கிற ஆளு, உங்களுக்குத் தெரியாதா? இந்தக் கையையா நான் என் நாலு சுவர்லயும் விடப் பாத்தேன்?" என்றார்.

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. திருதிருவென்று முழித்தவர், கையை நீட்டிச் சின்னவளைக் காட்டினார். "நான் பண்ணலம்மா! சத்தியமா நான் பண்ணல. இவதான் பண்ணா. படம், கரை, எல்லாம் இவதான். நான் கையெழுத்து மட்டும்தாம்மா போட்டேன்!"

மூன்று வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. நாலு பேர் முன்னால், அவர் வாயாலேயே. சின்னவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஓட்டல் அம்மாள் அவளிடம் வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். விரலெல்லாம் பழுப்புக் கறை. குரலைத் தணித்துக்கொண்டு, "இங்க பாரு கண்ணு. இத நீ பண்ணியிருந்தா பயப்படாம சொல்லு. தப்பு யாருக்கும் நடக்கும். வண்டு அரிச்ச பிறகும் அந்தக் கண்ணு என்னைப் பாக்குது. பண்ணது நீன்னா, நாலு சுவரும் உனக்கு, உன் பேர்லயே. அவர்தான்னா, இந்தக் கடைப்பக்கம் ஒருத்தரும் வராம நான் பாத்துக்கறேன். உண்மையச் சொல்லு" என்றார்.

சின்னவள் படத்தைப் பார்த்தாள். அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்னம்மா தெரியும்? இது பொட்டி துடைச்ச கறை. படம் மாமா பண்ணதுதான். பேப்பர்லகூட வந்துதே, நீங்க பாக்கலையா?" என்றாள்.

"அடிப்பாவி!" என்றார் கடைக்காரர்.

ஓட்டல் அம்மாள் கையை விட்டுவிட்டார். "இத இப்பவே கொளுத்துங்க. வெச்சிருந்தா தெரு பூரா பரவும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

கொல்லையில் படத்தைச் சாய்த்து வைத்தார்கள். கடைக்காரர் தீப்பெட்டியைச் சின்னவளிடம் நீட்டினார். "நீயே கொளுத்துடி" என்றார்.

"எனக்கு என்ன உரிமை மாமா? உங்க பேரு போட்ட படம்." தீப்பெட்டியை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு, "அந்த இலைய நான் ஃப்ரீசர்ல வைக்கல. மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. போய் யார்கிட்ட வேணா சொல்லுங்க" என்றாள்.

அவர் யாரிடம் போய் என்னவென்று சொல்வார்?

தீ கரையில் பிடித்து உள்ளே ஏறியது. பெரியவள் திடீரென்று, "ஐயோ, என் முகம்டி அது" என்று அலறினாள்.

"இன்னிக்காவது தெரிஞ்சுதேக்கா" என்றாள் சின்னவள்.

இலை வாசனையோடு எரிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று மோப்பம் பிடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அந்த ஒற்றைக் கண்ணும் சுருண்டு கருகியபோது சின்னவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. இதைப் போல ஒன்று இனித் தன் கையில் வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த அம்மாள் அப்போதே திரும்பி வந்து, இன்னொரு தரம் கேட்டிருந்தாலும், நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.