கரும்பலகையில் இல்லாத வளையம்

1

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். உள்ளே குழாய் முழு வேகத்தில் ஓடுகிறது. "ஒண்ணுமில்ல, போங்க" என்கிறார் அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற குரல்.

மன்னியுங்கள், பாதியிலிருந்து தொடங்கிவிட்டேன். இது எங்கிருந்து வந்த கதை என்று மறைக்கப்போவதில்லை. இன்று மத்தியானம் எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தது. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். உள்ளே அப்பாவும் தூங்குகிறார். அம்மா தூங்குவதுபோல் நடிக்கிறாள். காலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வரும். அப்பாவின் சிறுநீரகம் கெட்டுவிட்டதா, தப்பித்ததா என்று அதில் தெரிந்துவிடும். பயமாக இருக்கிறது. எழுதினால் கொஞ்சம் குறைகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல், அடக்கி அடக்கி—"

விட்டுவிட்டேன். அப்பா ஓட்டுநர் இல்லை. உயிரியல் வாத்தியார், அதுவும் என் வகுப்புக்கே. சொந்த அப்பாவின் உடம்பை எழுதக் கூச்சமாக இருந்ததால், அவர் வலியைக் கழற்றி முன்பின் தெரியாத ஒருவருக்கு மாட்டிவிடப் பார்த்தேன். (பாவம், அந்த ஓட்டுநர் என்ன செய்தார்?)

பள்ளியில் அப்பாவுக்குக் 'கிட்னி சார்' என்று பெயர். அவ்வளவு அழகாக வரைவார். இரண்டு சிறுநீரகம், அவற்றிலிருந்து இறங்கும் குழாய்கள், சிறுநீர்ப்பை, பையிலிருந்து கீழே நேராக ஒரு கோடு. சாக்பீஸ் பலகையை விட்டு எழும்பாது.

அடுத்த பாடம் இனப்பெருக்க மண்டலம். அது வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். "இதை வீட்டுல படிச்சுக்கோங்க. சந்தேகம் இருந்தா..." வாக்கியம் அங்கேயே நிற்கும்.

"சந்தேகம் இருந்தா, சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் இழுப்பான்.

"இருக்காது" என்பார்.

3

(இந்தப் பகுதியை மூன்று முறை அழித்தேன். அப்பா இதைப் படித்தால் என்று நினைத்தாலே காது சுடுகிறது.)

டாக்டரம்மா ரப்பர் குழாய் போட்டுத் தேங்கியிருந்த சிறுநீரை வெளியேற்றிவிட்டார். அப்பாவின் முகம் லேசாகிவிட்டது. பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

"பொண்ணு வெளிய இருக்கட்டுமே" என்றார் அப்பா.

"ஏன் சார்? பயாலஜி வாத்தியார் பொண்ணுக்கு நான் தனியாப் பாடம் எடுக்கணுமா?"

மாத்திரை உறையின் பின்பக்கம் படம் போட்டார் டாக்டரம்மா. அப்பா போடும் அதே படம். பை, கீழே ஒரு கோடு. பிறகு அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வளையம் போட்டார்.

அப்பாவின் படத்தில் அந்த வளையத்தை நான் பார்த்ததே இல்லை.

"இது புராஸ்டேட் சுரப்பி. விதைகள்லேர்ந்து கிளம்புற குழாய் மேல ஏறி, மூத்திரப்பையைச் சுத்திப் பின்னால வந்து, இதுக்குள்ளதான் மூத்திரக் குழாயோட சேருது. விந்துக்கு வேண்டிய திரவத்துல ஒரு பங்கு இந்தச் சுரப்பி குடுக்குது. மூத்திரம் உண்டாகுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா மூத்திரம் இது நடுவுலதான் போயாகணும்."

"ரெண்டும் கலந்துடாதா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"கலக்காதும்மா. பையோட வாய்ல ஒரு தசை இருக்கு. விந்து வர்ற நேரத்துல அது இறுக மூடிக்கும். வழி ஒண்ணு, ஆளு ரெண்டு. ஒருத்தர் போனா இன்னொருத்தர் நிப்பார். வயசாக ஆக இந்தச் சுரப்பி பெருசாகும். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை இழுத்துக் கட்டினா நடுவுல இருக்குற சந்து என்ன ஆகும்? அதான் உங்க அப்பாவுக்கு ஆயிருக்கு."

அந்த வளையம் அப்பா நடத்தாமல் விட்ட பாடத்தில் இருக்கிறது.

4

"எவ்வளவு நாளா சிரமம்?"

"இன்னிக்குத்தான்" என்றார் அப்பா.

"யோசிச்சுச் சொல்லுங்க சார். ரொம்ப நாளாத் தேங்கியிருந்தா சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கும்."

"இன்னிக்குத்தான்."

இங்கே நான் வாயைத் திறக்காமல் இருப்பதாக ஒரு முடிவு எழுதினேன். மிக அடக்கமான பெண்ணாக வந்திருந்தாள் அதில். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அழித்துவிட்டேன். நடந்தது இதுதான்:

"குழாய்" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"அப்பா பாத்ரூம் போனா குழாயைத் திறந்து விட்டுடுவார். தண்ணி சத்தம் கேட்டாத்தான் அவருக்கு வரும் போல. ரொம்ப நேரம் ஓடும். ஆறு மாசமா."

"தண்ணியை வீணாக்குறீங்கன்னு தினம் கத்தினேனே" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். விடைத்தாள் திருத்துகிற குரலில் சொன்னார்:

"ஆறு இல்ல. ஒரு வருஷம்."

5

இனி முடிவு. அப்பா குணமாகிப் பள்ளிக்குப் போகிறார், கோட்டைச் சுற்றி வளையம் போட்டு அந்தப் பாடத்தை நடத்துகிறார், கடைசி பெஞ்ச் சிரிக்கிறது, அவர் நிறுத்தவில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. இன்னொரு முடிவும் இருக்கிறது. அதை எழுத விரல் வரவில்லை. பரிசோதனை முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எது உங்களுக்குத் தாங்குமோ அது.

எனக்கு வேறு ஒன்றுதான் தீரவில்லை. தூக்கம் வருவதற்கு முன்னால் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாததைக் கேட்கிற முகம்.

"ஆறு மாசமா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்க. ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கண் செருகிவிட்டது. காலையில் எழுந்ததும் மறுபடி கேட்டால், நான் அவருக்கு என்ன சொல்வேன்?