ஆரஞ்சு வரிசை

சர்வாதிகாரியை எதிர்த்து எங்கள் புக்கரெஸ்ட் நகரத்தில் நடந்த புரட்சியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் வருடத்து டிசம்பர். சதுக்கத்தில் கோஷம் போடும் இளைஞர்களைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டு, இருட்டி ராணுவம் சுடத் தொடங்குவதற்குள் திரும்பிவிடுவார்கள். கதவும் அதோடு மூடிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். செத்தவர்களில் யாரும் அவர்களுக்குச் சொந்தமில்லையே.

எனக்குச் சொந்தம். அன்று மாலை சதுக்கத்தில் சுடப்பட்ட லிவியு என் கணவர். கல்யாணமாகி இரண்டாவது குளிர்காலம் அது. நான் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன்.

"எதையும் மாத்த முடியாதும்மா. நடந்தது நடந்தபடிதான் நடக்கும்," என்று வழிகாட்டிப் பெண் இலிங்கா படித்துப் படித்துச் சொன்னாள். படித்தவர்கள் நிரூபித்துவிட்டார்களாம். படித்தவர்கள் அந்தக் காலத்தில் எதையெல்லாம் நிரூபித்தார்கள் என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் தாண்டினேன். மற்றவர்கள் சதுக்கத்துப் பக்கம் திரும்பியதும் நான் கடைத்தெருப் பக்கம் நழுவினேன்.

லிவியு அன்று ஆரஞ்சு வாங்க வரிசையில் நின்றதையும், பாதியில் கிளம்பிச் சதுக்கத்துக்குப் போனதையும் பிற்பாடு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இருட்டும்வரை அவரை வரிசையை விட்டு நகரவிடாமல் செய்துவிட்டால் போதும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். 'உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று எங்கள் ஊர் வரிசையில் ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் அது சத்தியம். பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கைக்கூட மீறலாம், அதை மீறினால் தெருவில் தலைகாட்ட முடியாது. லிவியுவோ முன்பின் தெரியாதவருக்காகப் பனியில் மதியம் முழுக்க நின்ற ஆள்.

வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். நான் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர், ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எவ்வளவு சின்னப் பையன். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"பெரியம்மா, நான்தான் கடைசி. எனக்குப் பின்னால நில்லுங்க," என்றார்.

முகத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. குரலுக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. அது பெரியம்மா என்று கூப்பிட்டாலும் எனக்குப் போதுமாக இருந்தது.

"யாருக்கு தம்பி ஆரஞ்சு?" என்றேன். கட்டின புருஷனைத் தம்பி என்று கூப்பிட்டவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"வீட்டுக்காரிக்கு. போன வருஷம் ரெண்டு கெடச்சுது. தோலைக்கூட விடல, காய வெச்சு அலமாரில போட்டிருக்கா. வாசனையாம்."

"நல்ல பொண்ணுதான்."

"நல்ல பொண்ணுதான். வாய்தான் நம்மூர் டிராம் மாதிரி. கத்திக்கிட்டேதான் போகும்."

முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. இன்னும் பேசமாட்டாரா என்றும் இருந்தது. மூன்று தெரு தள்ளி எங்கள் வீட்டில் அந்த வாய்க்காரி எதையாவது கிளறிக்கொண்டு, இவர் ஏன் இன்னும் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாள். அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் புருஷன் இருந்தான்.

"தம்பி, கால் கடுக்குது. செத்த உக்காந்துட்டு வரேன். என் இடத்தைப் பாத்துக்கிறியா?"

"பாத்துக்கறேன், போங்க."

எதிர்வீட்டு வாசலுக்குள் ஒதுங்கி நின்றேன். பெரிய சாலையிலிருந்து கூச்சல் கேட்க ஆரம்பித்தது. லிவியு எட்டி எட்டிப் பார்த்தார், என்னைத் தேடினார், நகரவில்லை. என் பிள்ளை பாஸாகிவிட்டது போல எனக்குள் ஒரு சந்தோஷம். வெளிச்சமும் குறைந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்த ரோமத் தொப்பிக்காரி ஆரம்பித்தாள். "எங்க அந்தக் கெழவி? ஆளில்லாத எடத்துக்கு நீ என்ன காவலா?"

"வந்துடுவாங்கம்மா."

"வருவா, வருவா. ஒனக்கே ரெண்டு பங்கு அடிக்கத்தான இந்த நாடகம்? திருட்டுப் பய."

அவருடைய தோளைப் பிடித்துத் தள்ளவும் செய்தாள். அவர் இடத்தை விட்டு அசையவில்லை. நான் அங்கேயே இருந்திருக்க வேண்டும். கல்லாக நின்றிருக்க வேண்டும். ஆனால் என் புருஷனை ஒருத்தி திருடன் என்கிறாள், நான் கேட்டுக்கொண்டிருப்பதா? தெருவைத் தாண்டிப் போய், "யாருடி திருட்டுப் பய? நான் இங்கதான் இருக்கேன்," என்று அவள் வாயை அடைத்தேன்.

லிவியு சிரித்தார். "நல்லவேளை வந்தீங்க பெரியம்மா. இப்ப என் எடத்த நீங்க பாத்துக்கோங்க. எங்கூட வேல பாக்கற பசங்க சதுக்கத்துல நிக்கறாங்க. ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன்."

"போகாத தம்பி, சுடுவாங்க."

"சுடுவாங்கதான். அதுக்குப் பயந்துதான இத்தன வருஷமா வரிசைல நிக்கறோம்."

"பொண்டாட்டிய நெனச்சியா?"

"அவளுக்குத்தான எடத்த ஒங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்."

சட்டைக் கையைப் பிடித்தேன். வயசானவள் பயப்படுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக விரல்களை விலக்கி, தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தார்.

"லிவியு," என்று கூப்பிட்டேன்.

நின்று திரும்பினார். "என்னைத் தெரியுமா?"

நான்தான் ஸ்மரந்தா என்று சொல்ல வாய் திறந்தேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "ஒன் வீட்டுக்காரியத் தெரியும்," என்றேன்.

"அய்யோ, அப்ப நான் வரிசைய விட்டுப் போனேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. என் தோல உரிச்சிடுவா."

சிரித்துக்கொண்டே மூலை திரும்பிவிட்டார்.

வரிசை நகர்ந்தது. என் முறை வந்து ஆரஞ்சு வாங்கிவிட்டால் அவர் இடம் தீர்ந்துபோகும். அதனால் எனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டுவிட்டு, ரோமத் தொப்பிக்காரியைப் பார்த்து, "நீ முன்னால போ," என்றேன். புக்கரெஸ்டில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அடுத்தவரையும் போகச் சொன்னேன். அதற்கடுத்தவரையும். எல்லாரும் ஆரஞ்சோடு போனார்கள். பெட்டிகள் காலியானதும் கடைக்காரப் பெண் கதவை இழுத்துப் பூட்டினாள்.

இலிங்கா மூச்சிரைக்க ஓடி வந்தபோது தெருவில் வேறு யாருமில்லை. "எங்கெல்லாம் தேடறது? கதவு மூடப் போகுதும்மா, வாங்க."

சதுக்கத்துப் பக்கம் முதல் வெடிச்சத்தம் கேட்டது. பிறகு சேர்ந்தாற்போல் நிறைய. இலிங்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"கடைதான் மூடியாச்சே. இன்னும் எதுக்கு நிக்கறீங்க?"

"எனக்கு முன்னால ஒருத்தர் இருக்கார்," என்றேன்.