வெயிலில் விழுந்த மின்னல்

முஸியை ஓடைக்கரையில் புதைத்தோம். வானம் எடுத்துக்கொண்டவனை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மற்றவர்களோடு புதைக்கக் கூடாது. அழவும் கூடாது. அம்மா அழவில்லை. நானும் அழவில்லை. எனக்கு அது சிரமமாகவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது உடம்பு முழுவதும்.

முஸி என் தம்பி. பள்ளி மைதானத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது அவன்மேல் மின்னல் விழுந்தது. கூட ஆடியவர்கள் தூக்கி எறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டார்கள்.

மின்னலைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. தென்னாப்பிரிக்காவில் எங்கள் டண்டீ பக்கம் கோடையில் பிற்பகல் ஆனால் மேகம் கட்டிவிடும். இயற்பியல் படித்துவிட்டு மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு, விடுமுறை நாளில் மேகம் ஏறினால் போதும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குப் போய்விடுவேன். மூன்று கால் தாங்கியில் கேமரா, அதன் தலையில் ஒரு சின்னக் கருவி. வெளிச்சம் துள்ளினால் அதுவே படத்தை எடுத்துக்கொள்ளும். என் விரல்கூட வேண்டாம்.

வீட்டில் இடிச்சத்தம் கேட்டதும் அம்மா கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடுவாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கண்ணாடி மின்னலைக் கூப்பிடும். கேமராவிலும் கண்ணாடி இருக்கிறதே, அதையும் மூடு என்பாள். நான் மூடமாட்டேன்.

"விடும்மா," என்பான் முஸி. "ஊரே மின்னலப் பாத்தா கட்டிலுக்கடியில பூந்துக்குது. சிசி ஒருத்திதான் அதப் பல்லக் காட்டச் சொல்லி நிக்குது."

சிசி என்றால் அக்கா, நான்தான். அவன் என்னைக் கெத்திவே என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

முஸியைப் புதைத்த வாரக் கடைசியில் பெக்கி பெரியப்பா வந்தார். அப்பா போன பிறகு எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. முற்றத்தில் நாற்காலிகள் போட்டோம். அம்மா சுவரோரம் பாயில், போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

முடிவு செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. அது வானத்தின் மின்னலா, மனிதர் சூனியம் வைத்து அனுப்பிய மின்னலா. வானத்தின் மின்னல் மழையோடு வரும். மனிதர் அனுப்பியது வெயிலில் வரும். மனிதர் அனுப்பியது என்று பெரியப்பா சொல்லிவிட்டால் அம்மா அழலாம். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் அனுப்பியது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோர் மனதிலும் ஒரே பெயர் இருந்தது. பக்கத்து வீட்டு மாசிபியா. புருஷன் இல்லை. பள்ளி வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்கிறாள். போன மாதம் முஸியின் பந்து அவள் ஜன்னலை உடைத்தது. "வானம் உன்னப் பாத்துக்கும்டா," என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

"மழை பெஞ்சுதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க," என்றார் பெரியப்பா.

"தூறுச்சுங்க," என்றான் கோல் காக்கும் சிஃபிசோ. "என் கையுறை நனைஞ்சிருந்துது."

"அது வேர்வடா," என்றான் டூமி. பெரியப்பாவின் மகன். "வந்த பந்தையெல்லாம் உள்ள விடுறவனுக்கு வேர்வ வேற."

யாரோ சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"வெயில்தான்," என்றான் இன்னொருவன். "என் நிழலு எனக்கு முன்னால ஓடுச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்புறம் என்னப்பா யோசன?" என்றான் டூமி. "வண்டியில ஒரு கேன் பெட்ரோல் இருக்கு. அந்தப் பொம்பள இப்ப வீட்லதான் இருக்கா. ஜன்னல்ல இன்னும் அட்டைதான் ஒட்டியிருக்கு, சட்டுனு பத்திக்கும்."

"வாய மூடு. தெரியாம ஒரு வீட்டத் தொட நான் வரல," என்றார் பெரியப்பா.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நான் தடுக்கமாட்டேன்."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "கெத்தி, அன்னிக்கும் படம் புடிச்சியாம்மா?"

"புடிச்சேன் பெரியப்பா."

"கொண்டா. மனுஷன் மாத்தி மாத்திப் பேசுவான். மிஷின் பேசாது."

உள்ளே போனேன். கேமரா ஜன்னல் விளிம்பில் அன்று வைத்தபடியே இருந்தது. அன்றைய படங்களில் இரண்டில்தான் மைதானம் வருகிறது.

முதல் படம் பாறையிலிருந்து எடுத்தது. மேகம் மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அதன் விலாவிலிருந்து ஒரு மின்னல் புறப்பட்டு, நீல வானத்தில் படுக்கையாக நெடுந்தூரம் வந்து, மைதானத்தில் இறங்குகிறது. புல்லில் வெயில். கோல் கம்பத்தின் நிழல் தெளிவாக விழுந்திருக்கிறது. கம்பத்தருகே சின்னச் சின்னப் புள்ளிகள். அதில் ஒன்று முஸி.

மின்னல் மேகத்துக்கு நேர்கீழேதான் விழவேண்டும் என்பதில்லை. மேகத்தின் மேற்பகுதியில் சேரும் மின்னூட்டம் பக்கவாட்டில் வெளியேறி, மழையே இல்லாத இடத்தில் இறங்கலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. இந்தப் படத்தை வைத்து அரைமணி நேரம் பேச என்னால் முடியும். முற்றத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. வெயிலா மழையா என்றுதான் கேட்டார்கள். படத்தில் வெயில் இருந்தது.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. எடுத்த கணத்தில் பாறைமேல் தனியாக நின்று சிரித்தேன்.

இரண்டாவது படத்தை நான் எடுக்கவில்லை. தெருவில் கூச்சல் கேட்டு ஓடிவந்தபோது கேமராவை மைதானம் பார்த்த எங்கள் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு அங்கே ஓடினேன். கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது. அதற்குள் மழை வந்துவிட்டது. மழைத்திரைக்குப் பின்னால் கோல் கம்பம் மங்கலாகத் தெரிகிறது, அதற்குப் பின்னால் ஒரு மின்னல் தடித்து இறங்குகிறது. ஆட்கள் யாரும் தெரியவில்லை. மின்னல் அடித்தவனை வைத்தியர் வரும்வரை நகர்த்தக்கூடாது என்பதால் முஸி அங்கேதான் கிடந்தான். படத்தில் இருக்கிறான். தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வெளியே போனேன்.

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மழைதான்," என்றார்.

டூமி எட்டிப் பார்த்தான். "ஒரு மழைக்கு ஒரே மின்னலா விழும்? இதுதான் அதுன்னு எப்படிச் சொல்ற?"

"மைதானத்துல விழுந்தது இது ஒண்ணுதான்," என்றேன்.

என் குரல் எப்போதும் சின்னதுதான். அதனால் அன்று அதில் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

"படிச்ச பொண்ணு சொல்லுது, கேட்டுக்க," என்றார் பெரியப்பா. கேமராவை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். "வானத்தோடது. அது எடுத்துக்கிட்டா நம்ம சும்மா இருக்கணும். அந்தப் பொம்பளகிட்ட யாரும் போகக்கூடாது."

"சரி," என்றான் டூமி. "பெட்ரோல புல்லு வெட்டற மிஷினுக்கு ஊத்திக்கறேன்."

அம்மா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அழவில்லை.

எல்லோரும் போனபின் அவள் அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கினாள். நான் எதிரில் உட்கார்ந்து விதைகளை ஒதுக்கினேன்.

"அந்தப் படத்துல நல்ல மழை, இல்ல?" என்றாள்.

"ஆமாம்மா."

பூசணியின் அடுத்த பாதியை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"வைத்தியர் சொன்னதும் நாந்தான் அவனப் புரட்டினேன்," என்றாள். "முன்பக்கம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தான். முதுகுல சட்ட காஞ்சு கெடந்துது. அடியில மண்ணும் காஞ்சிருந்துது."

விதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ மழைன்னியே."

நறுக்கிய துண்டுகளைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் மாசிபியாவின் வீட்டிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. உடைந்த ஜன்னலில் அதே அட்டை. எங்கள் வாசலைத் தாண்டும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனாள். நான் முற்றத்தில்தான் நின்றேன். கூப்பிடவில்லை.

பிற்பகலில் மேகம் மலையேறியது. முதல் இடி கேட்டதும் அம்மா துணிகளை எடுத்தாள். அலமாரிக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, முஸி தலைவாரும் சின்னக் கண்ணாடி. பிறகு கையில் ஒரு துணியோடு கேமராவின் முன் வந்து நின்றாள்.

"மூடட்டுமா?"

முன்பெல்லாம் மூடு என்றுதான் சொல்வாள்.

"மூடும்மா," என்றேன்.

மூடினாள். ஜன்னல் வெளுத்து வெளுத்து அடங்கியது. துணிக்குள் கருவி ஒருமுறைகூடச் சொடுக்கவில்லை. அம்மாவும் நானும் தரையில் அருகருகே உட்கார்ந்தோம். இடி நேரத்தில் பேசக்கூடாது. பேசாமல் இருந்தோம்.