அடைப்புக்குறிக்குள் நீர்

...என் முன்மொழிவுக்குப் பதினான்கு பிரதி கேட்டார்கள், கொடுத்தாயிற்று, எழுத்து சிறியது என்றார்கள், பெரிதாக்கினேன், பெரிதாக்கியதில் பக்கம் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள், வெட்டியும் கொடுத்தாயிற்று, இன்னும் என்னதான் வேண்டும் இவர்களுக்கு? கல்விக் குழு கூடும் அறைக்கு வெளியே இந்த பெஞ்சில் பத்து மணியிலிருந்து தவம் கிடக்கிறேன், உள்ளே இன்னும் எட்டாவது விஷயத்திலேயே நிற்கிறார்கள், என்னுடையது பன்னிரண்டாவது. யாரோ சிரிக்கிறார்கள், பிஸ்கட் தட்டு உள்ளே போகிறது, அதற்கு மட்டும் கதவு உடனே திறக்கிறது. பாறையைப் படிக்கும் ஜியாலஜி பட்டத்துக்குள் ஒரு சிறப்புப் பிரிவாக நிலத்தடி நீரைக் கொண்டுவந்தவள் நான், பதினோரு வருடமாக நடத்துகிறவளும் நான், அதைத் தனிப் பட்டமாக்குங்கள் என்று கேட்க இத்தனை பாடா? சான்றிதழைப் பாருங்கள், கொட்டை எழுத்தில் ஜியாலஜி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எறும்பு ஊர்வதுபோல் நிலத்தடி நீர்... அந்த எறும்புக்குத்தான் மூன்று வருடம் வெயிலில் அளவு எடுக்கிறார்கள் பிள்ளைகள்.

என்னிடம் இதைப் படித்து முடித்த அக்கா மகள் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். நீர்வளத் துறையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பத்தில் பட்டத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும், பட்டியலில் நிலத்தடி நீர் இருக்கிறது, ஜியாலஜி இல்லை. "அடைப்புக்குறிய எங்க சித்தி டைப் பண்றது?" என்று கேட்டாள், சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவள் கணக்குப் படிக்கப் போவதாக இருந்தவள். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாளைக்கு உலகமே தண்ணீருக்குத்தான் அலையும் என்று மூளைச்சலவை செய்தது யார்? அக்கா திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம், போனில் "சரி, வச்சிடவா?" என்று மட்டும் சீக்கிரம் கேட்கிறாள் இப்போதெல்லாம். என் முன்மொழிவின் முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது, கடந்த மூன்று வருடத்தில் முடித்தவர்களுக்கும் சான்றிதழைப் புதிய பெயரில் மாற்றித் தரலாம் என்று... இன்று ஒப்புக்கொண்டால் மாதக் கடைசிக்குள் அவள் விண்ணப்பித்துவிடலாம். நாற்பது பக்கத்தையும் அந்த ஒரு பக்கத்துக்காகவா எழுதினேன்? சே, இல்லை. இல்லைதானே?

அலுவலகக் கண்காணிப்பாளர் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருகிறார், நல்ல மனிதர், அதனாலேயே பயமாக இருக்கிறது. "மேடம், அடுத்து உங்களோடதத்தான் எடுக்கப் போறாங்க. இது உங்க கையெழுத்துதானே? தலைவர் பழைய ஃபைல் கேட்டாரு, கொடுத்துட்டேன். இந்த நகல நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்க, உள்ள கேப்பாங்க." ஒற்றைத் தாள். சிறப்புப் பிரிவுக்கு அனுமதி கேட்டு அன்று எழுதிய குறிப்பு, தனிப் பட்டம் ஏன் தேவையில்லை என்ற கேள்விக்கு என் பதில்: 'பாறையை அறியாமல் நீரை அறிய முடியாது. பிரித்துவிட்டால் மாணவர்கள் கிணற்றைப் படிப்பார்கள், பூமியைப் படிக்க மாட்டார்கள்.' என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். அது அனுமதி வாங்குவதற்காக எழுதியது என்று சொல்லிவிடலாம், காலம் மாறிவிட்டது என்றும் சொல்லலாம், தலையாட்டுவார்கள், அவர்களும் இப்படி எழுதியவர்கள்தான். ஆனால் பக்கம் குறைக்கப் போன மாதம் நான் வெட்டியது எதை? பாறை பற்றிய நான்கு பாடங்களை. அப்போது அக்கா மகள் முகம்தான் கண்முன் நின்றது.

போன் அதிர்கிறது, அவள்தான், 'என்னாச்சு சித்தி?' இன்னும் ஒன்றும் ஆகவில்லை, கண்ணே. பேனாவை எடுத்துக்கொள்கிறேன், நகலில் தவறான இடத்தைக் குறித்துக்கொண்டால் உள்ளே பதில் சொல்லச் சுலபமாக இருக்கும், முதல் வரி... இல்லை, அது சரிதான், இரண்டாவது... அதுவும். முனையைத் தாளில் வைத்து வைத்து எடுக்கிறேன், புள்ளிகள்தான் விழுகின்றன, அடிப்பதற்கு ஒரு சொல் கிடைக்கவில்லை, கதவு திறக்கிறது, "மேடம், வாங்க."