கையெழுத்துப் போட்ட சின்னம்மா

வாடகைக்கு வீடு எடுக்கப் போய், கூடவே ஓர் அக்கா மகனையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள் உலகத்திலேயே ஈப்போ சாந்தகுமாரியும் அவள் வீட்டுக்காரர் இராஜமாணிக்கமுமாகத்தான் இருப்பார்கள்.

மலேசியாவில் முப்பத்தோரு வருஷம் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் சாந்தகுமாரி. ஓய்வு பெற்றதும் டில்லியையும் தாஜ்மகாலையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மகள் கவிப்ரியாவுக்குத் தலைப்பிரசவம், டாக்டர் குறித்த தேதி டிசம்பர் இருபத்துநாலு. "புள்ள பொறந்தப்புறம் நீ எங்க போவப்போறம்மா, இப்பவே போய்ட்டு வந்துடு லா" என்று மலேசியா வழக்கப்படி ஒரு 'லா'வும் சேர்த்து மகளே தள்ளி அனுப்பினாள். பத்தாம் தேதி வந்து, இருபதாம் தேதி சனிக்கிழமை விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. பிரசவ அறையில் மகள் கையைப் பிடித்துக்கொள்ள நான் இருப்பேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வீட்டை இன்டர்நெட்டில் பிடித்துக் கொடுத்தது மருமகன். தமிழர் வீடு, மலை மந்திர் முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம், சமையல் பாத்திரமெல்லாம் உண்டு என்று படத்தோடு விளம்பரம். ஈப்போ ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்த இராஜமாணிக்கம் ஒரு பாக்கெட் ஊசி வாங்கினாலும் ரசீது கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர் இந்த வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம் கேட்கவில்லை. வீடு யார் பேரில் இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. போனில் பேசிய பாலசுப்ரமணியம் நல்ல தமிழ் பேசினான், ஊர் நாமக்கல் என்றான். சாந்தகுமாரியின் தாத்தா கப்பலேறிப் போனதும் நாமக்கல் பக்கத்திலிருந்துதான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, ஆடிவிட்டது.

பாலு விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனான். நாற்பது வயசிருக்கும். அங்கிள், ஆன்ட்டி என்று வாய் நிறையக் கூப்பிட்டான். ஆர்.கே.புரத்தில் முதல் மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலுக்கெல்லாம் கனமான இரும்புக் கம்பி. "வெளிநாட்டுக்காரங்க வந்தா போலீஸ்ல பதியணுங்க ஆன்ட்டி. பாஸ்போர்ட்டு ரெண்டையும் குடுங்க, நானே போய்ப் பதிஞ்சுட்டு வந்தர்றேன்" என்றான். கொடுத்தார்கள். முன்பின் தெரியாத ஊரில் பாஸ்போர்ட்டைக் கையைவிட்டுக் கொடுக்கிறவனைப் பார்த்தால் நாமெல்லாம் சிரிப்போம். அந்த நேரத்தில் தமிழில் கேட்டால் நாமும் கொடுத்துத்தான் இருப்போம்.

மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு பாலு மூச்சு வாங்க ஓடி வந்தான். அந்தக் குளிரிலும் அவன் நெற்றி வேர்த்திருந்தது.

"ஆன்ட்டி, ஒரு சின்ன உதவிங்க. இது கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ். எம் பேர்ல குடுத்த வீடு. நான் குடும்பத்தோட மயூர் விஹார்ல சொந்த ஃபிளாட்ல இருக்கேன். இத வாடகைக்கு விடக் கூடாதுங்க, சொந்தக்காரங்க வந்தா தங்கலாம். எவனோ புகார் எழுதிப் போட்டுட்டான், செக்கிங் வர்றாங்க. நீங்க எங்கம்மாவோட தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இல்லைன்னா என் வேலை போயிருங்க."

யோசிக்கக்கூட நேரம் இல்லை, கதவைத் தட்டிவிட்டார்கள். கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர், கோப்பு சுமந்த குமாஸ்தா ஒருவர். பாலு இந்தியில் படபடவென்று பேசினான். மௌசி, மௌசி என்ற சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அம்மாவின் தங்கையை அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. அதிகாரி அவளைப் பார்த்து, "மௌசி?" என்றார். சாந்தகுமாரி தலையாட்டினாள். குமாஸ்தா நீட்டிய தாளில் அவளும் இராஜமாணிக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே என்று எத்தனை பிள்ளைகளின் தலையில் குட்டியிருப்பாள்! தனக்குத் தெரியாத எழுத்தில் எழுதிய பொய்யின் அடியில், தமிழில் முத்து முத்தாகத் தன் பேரை எழுதிக் கொடுத்தாள்.

அதிகாரி போகும்போது ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பாலு மொழிபெயர்த்தபோது அவன் குரலில் பழைய குழைவு இல்லை.

"சொல்லாம கொள்ளாம மறுபடி வருவாராம். அன்னைக்கும் வீட்ல இதே ஆளுங்க இருக்கணுமாம். அவரு வந்து போற வரைக்கும் நீங்க இருக்கணுங்க."

"எப்ப வருவாரு?"

"நாளைக்கே வரலாம். அடுத்த மாசமும் வரலாம்."

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து வெளியே பூட்டு விழுந்தது. திருட்டு பயம் என்று காரணம் சொன்னான். சாவி அருக்காணியிடம். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அந்த பிளாக்கில் ஆறு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறவள் அவள். பகல் முழுக்க அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பாள். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போக வேண்டும். அதிகாரியின் ஜீப்பைக் கண்டால் ஓடிவந்து திறந்துவிட வேண்டும். பாலுவின் உத்தரவு அது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். சாந்தகுமாரிக்கு அது வேளை தவறாமல் தூக்குவாளியில் வந்தது. வாசல்தான் கிடைக்கவில்லை.

வீடு ஜில்லென்று இருந்தது. மொசைக் தரையில் கால் வைத்தால் எலும்பு வரைக்கும் ஏறியது. சுற்றுலாவுக்கென்று வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கம்பளியையும் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கீழே புல்தரையில் வெயில் கொட்டிக் கிடக்கும். பதினோரு மணியானால் பிளாக்குப் பெண்களெல்லாம் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஸ்வெட்டர் பின்னுவதும் ஆரஞ்சு உரிப்பதும் வேர்க்கடலை உடைப்பதுமாக இருப்பார்கள். முப்பதடி தூரம்தான் இருக்கும். அந்த வெயிலில் போய்ப் பத்து நிமிஷம் உட்காரச் சாந்தகுமாரிக்கு வழியில்லை. கூப்பிட்டால் கேட்கும். ஆனால் கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

ஆக்ரா போகிற நாள் வந்தது, போனது. இராஜமாணிக்கம் மங்கி குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஒற்றை ஆளாகச் சீட்டாடினார். "ஹோட்டல்ல தங்கியிருக்கலாம்" என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சொன்னார். "ஹோட்டல் வேணாம், ஏமாத்துவாங்கன்னது யாரு லா?" என்று அவளும் நாலு தரம் கேட்டாள். வீட்டில் போன் இல்லை. அவர் கொண்டுவந்த கைப்பேசி டில்லியில் வேலை செய்யவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பாலு வந்தபோது அவள் கேட்டேவிட்டாள்.

"சனிக்கிழம எங்களுக்கு ஃபிளைட்டு. பாஸ்போர்ட்ட குடுத்துடுங்க. எம்பொண்ணுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"டிக்கெட்டத் தள்ளிப் போடுங்க ஆன்ட்டி."

"தள்ள முடியாது. நாங்க எங்க நாட்டு ஹை கமிஷனுக்குப் போறோம். சாணக்யபுரில அது இந்தா இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

பாலு கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பேசினான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"போங்க. என்னன்னு சொல்லுவீங்க? வாடகைக்கு வந்தோம்னா? ரசீது இருக்கா? சின்னம்மான்னு கவர்மெண்ட் ஆபீசர்கிட்ட எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்க. எனக்கு வேலைதாங்க போகும். வெளிநாட்டுக்காரங்க, பொய் எழுதிக் குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியாதுங்க."

அவன் போய் வெளியே பூட்டுகிற சத்தம் கேட்டது. சாந்தகுமாரி வாய்விட்டு அழுதாள். வலி எடுத்து மகள் அம்மா என்று கூப்பிடுவாள், தான் இங்கே ஒரு திருடன் வீட்டுச் சின்னம்மாவாக உட்கார்ந்திருப்போம் என்ற நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதுகூடப் பரவாயில்லை. இந்த ஓணானுக்குத் தன் கையாலேயே உறவுமுறையும் எழுதிக் கொடுத்திருக்கிறாளே!

வியாழக்கிழமை மத்தியானம் அருக்காணி தூக்குவாளியோடு வந்தாள்.

"இன்னைக்குக் கதவப் பூட்டாம போ அருக்காணி" என்றாள் சாந்தகுமாரி.

"ஐயோ, ஆகாதுங்கம்மா. இந்த ஆறு வீட்டு வேலயும் அவரு சொல்லி வுட்டதுதான். எம் பொழப்புல மண்ணு வுழுந்துரும்."

பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சாந்தகுமாரி மறுபடி ஜன்னலுக்குப் போகத் திரும்பியவள், என்னவோ தோன்றி நின்றாள்.

"நான் யாருன்னு கேட்டா என்ன சொல்லச் சொல்லியிருக்காரு ஒங்க சாரு?"

"அவரோட சின்னம்மான்னு."

"நீயும் அப்படித்தான சொன்ன?"

"ஆமாங். பிளாக்கு பூராத்துக்கும் சொல்லிட்டனே."

"அப்பன்னா சின்னம்மா கேக்கறேன், சாவியக் குடு. நாளைக்கு அவரு சத்தம் போட்டா, 'ஒங்க சின்னம்மா கேட்டாங்க சார், பெரியவங்க கேட்டா எப்பிடிக் குடுக்காம இருக்கறது'ன்னு சொல்லு. அவரு என்ன பதில் சொல்றாருன்னு பாப்போம்."

அருக்காணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், சாவியை அடுப்பு மேடையில் வைத்தாள். "நான் மறந்து வெச்சுட்டுப் போறேனுங்க சின்னம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

கதவு திறந்து கிடந்தது. இராஜமாணிக்கம் சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"ஹை கமிஷனுக்கா?"

"அங்க போனா மொதல்ல அந்தக் கையெழுத்துக் கதைதான் வரும். நான் கீழ வெயிலுக்குப் போறேன். நீங்களும் வாங்க. கேட்டா பாலுவோட சித்தப்பான்னு சொல்லுங்க, வேற ஒண்ணும் பேசாதீங்க."

படியிறங்கிப் புல்தரையில் கால் வைத்ததும் முதுகில் வெயில் பட்டது. கயிற்றுக் கட்டிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தாள். மேல்மாடி லீலாவதி, திருநெல்வேலிக்காரி, கணவர் மத்திய அரசில் அதிகாரி. யாரிடம் பேசினாலும் அந்த அம்மாளிடம் மட்டும் பேசிவிடாதீர்கள் என்று பாலு முதல் நாளே சொல்லியிருந்தான்.

"நீங்கதான பாலுவோட சித்தி? வந்து ஒரு வாரமாச்சு, தலையக்கூடக் காட்டலியே. வாங்க, இரிங்க."

சாந்தகுமாரி உட்கார்ந்தாள். முதல் பொய் அவன் சொல்லிக் கொடுத்தது. இரண்டாவது அவளுடைய சொந்தச் சரக்கு.

"எங்கக்காவ நாமக்கல்ல குடுத்தாங்க. நான் வாக்கப்பட்டுப் போனது மலேசியா. இவன் ஒருத்தன்தான் அக்கா மகன். வராத சின்னம்மா வந்துட்டேன்னு விடமாட்டேங்கறான். எங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டையும் எடுத்து வெச்சுக்கிட்டான், இன்னும் கொஞ்ச நாள் இருன்னு அடம் பிடிக்கறான். நாளான்னிக்கு எனக்கு ஃபிளைட்டு. எம்பொண்ணுக்குத் தலைப்பிரசவம்மா, நான் பக்கத்துல இல்லைன்னா அவ..."

பொய்யில் தொடங்கிய பேச்சு மகளிடம் வந்ததும் நிஜ அழுகையாகிவிட்டது. லீலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்களுக்கு இந்தியில் எடுத்துச் சொன்னாள். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பஞ்சாபிக் கிழவி ஊசியைக் கீழே வைத்து, "ஹாய் ராம்!" என்று மார்பில் தட்டிக்கொண்டாள்.

"பாசம் இருக்க வேண்டியதுதான், அதுக்காகப் பிரசவத்துக்குப் போற தாயவா பிடிச்சு வைக்கது?" என்றாள் லீலாவதி. அங்கேயே கைப்பேசியை எடுத்து அவன் ஆபீசுக்குப் போட்டாள். "பாலு, ஒங்க சித்தி கீழ உக்காந்து அழுதுட்டு இருக்காங்க. ஜல்தி வாங்க. ஆமா, இப்பமே."

அரைமணி நேரத்தில் பாலுவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. "ஆன்..." என்று வாயெடுத்தவன், பத்துப் பெண்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டு விழுங்கிக்கொண்டு, "சின்னம்மா" என்றான்.

"பாஸ்போர்ட்டு எங்கடா?" என்றாள் சாந்தகுமாரி. முப்பத்தோரு வருஷம் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டிய குரல் அது.

பாலு லீலாவதியைப் பார்த்தான். பஞ்சாபிக் கிழவியைப் பார்த்தான். இவள் எனக்குச் சின்னம்மா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடலாம். சொன்ன மறுநிமிஷம் குவார்ட்டர்ஸும் போகும், வேலையும் போகும். அவன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைச் சாந்தகுமாரி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வாரமாக அந்தக் கதவுக்குப் பின்னால் தான் பட்ட பாடு இவனுக்கு இப்போது தெரிகிறது என்று அவளுக்குப் பரம திருப்தியாக இருந்தது.

அவன் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தான். ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து நீட்டினான். இராஜமாணிக்கம் அதை வாங்கிப் பிரித்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஸ்வெட்டருக்குள் விட்டு பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழம டாக்சி வேணாம்" என்றாள் லீலாவதி. "எங்க வீட்டுக்காரர் கார்லயே விட்டுருவோம். அதுவரைக்கும் நீங்க எங்க வீட்லயே இரிங்க சித்தி. இவரு மறுபடியும் பாசத்தக் காட்டுனாலும் காட்டுவாரு." சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு சிரிப்பு தெரிந்தது. எவ்வளவு புரிந்துகொண்டு சிரித்தாளோ, யாருக்குத் தெரியும்.

பஞ்சாபிக் கிழவி பாலுவைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ அதட்டினாள். பெரியவளை அழ வைத்ததற்கு மௌசி காலைத் தொட்டு மன்னிப்புக் கேள் என்கிறாள் என்று லீலாவதி சொன்னாள். வேறு வழியில்லாமல் பாலு குனிந்தான். அவள் காலைத் தொட்டபடி, யாருக்கும் கேட்காத குரலில் கெஞ்சினான்.

"அந்த ஆபீசர் மறுபடி வந்தா நான் என்னங்க சொல்லுவேன்?"

சாந்தகுமாரி அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணுவதுபோலக் குனிந்தாள்.

"சின்னம்மா கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லு கண்ணு. சொந்தபந்தம்னா அதெல்லாம் நடக்கறதுதான்."